கட்டுப்போட்ட குயில்ட்: எந்த நூல், எந்த முடிச்சு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. இந்த மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் பிடித்து வைத்தால்தான் அது குயில்ட். இல்லாவிட்டால் உறைக்குள் திணித்த பஞ்சுதான். பிடித்து வைக்க இரண்டு வழி உண்டு. முழுப் போர்வைக்கும் வரிவரியாக ஓட்டுத்தையல் போடலாம். அல்லது அரைச் சாண் இடைவெளியில் அங்கங்கே ஒரு குத்துக் குத்தி, நூலை முடிந்து விட்டுவிடலாம். இங்கே இருப்பதெல்லாம் இரண்டாவது வழியைப் பற்றியவை. பிறர் என்னிடம் கேட்டவையும், நானே தடுமாறித் தெரிந்துகொண்டவையும் கலந்திருக்கின்றன.

முடிச்சுப் போடுவது குறுக்கு வழிதானே? தைத்த குயில்ட் அளவுக்கு உழைக்குமா?

குறுக்கு வழிதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கையால் முழுக்கத் தைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும் போர்வையை ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான போர்வை அல்ல. தையல் கோடு போகும் வழியெல்லாம் பஞ்சை அமுக்கிப் பிடிக்கிறது. முடிச்சு ஒரு புள்ளியில் மட்டும் பிடிக்கிறது, மற்ற இடத்தில் பஞ்சு உப்பியே இருக்கும். உப்பிய பஞ்சில் காற்று தங்குவதால் கதகதப்பு கூடுதல். அதே காரணத்தால், துவைக்கும்போது பஞ்சு நகரவும் இடம் கூடுதல். பஞ்சும் இடைவெளியும் நூலும் சரியாக அமைந்தால் கட்டுப்போட்ட குயில்ட் வருடக்கணக்கில் உழைக்கும். சரியாக அமையாவிட்டால் மூன்றாவது துவையலிலேயே பஞ்சு ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

சில போர்வைகளுக்கு இதுதான் பொருத்தமும்கூட. பழைய ஜீன்ஸ் துண்டுகளில் செய்தது, கனமான கம்பளித் துணியில் செய்தது, பஞ்சு ரொம்பத் தடிமனாக வைத்தது, இவற்றையெல்லாம் கையாலோ சாதாரண மெஷினாலோ முழுக்கத் தைக்கப் போனால் விரலும் போகும், ஊசியும் போகும்.

எந்த நூல் நல்லது? ஒரே வரியில் சொல்லுங்கள்.

5ஆம் எண் பேர்ல் காட்டன் (முறுக்கிய பருத்தி எம்ப்ராய்டரி நூல்), அல்லது ஆறு இழையையும் பிரிக்காமல் எடுத்த பருத்தி எம்ப்ராய்டரி நூல். ஒரு வரி போதுமென்றால் அடுத்த கேள்வியைத் தாண்டிவிடலாம்.

சரி, காரணத்தோடு சொல்லுங்கள். நூலில் என்ன பார்க்க வேண்டும்?

எல்லோரும் முதலில் பார்ப்பது பலம். இரண்டு கையிலும் பிடித்து இழுத்துப் பார்த்து, அறுபடவில்லை என்றால் நல்ல நூல் என்று முடிவு செய்கிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் போர்வைக்கு, சட்டைப் பட்டன் தைக்கக்கூடப் பலர் யோசிக்கும் அளவுக்கு முரட்டு நைலான் நூலை எடுத்தேன். ஒரு முடிச்சுகூட அறவில்லை. அறுந்தது துணி. போர்வையை யாரோ காலால் மிதித்திருக்க, இன்னொருவர் இழுத்தார். முடிச்சு இருந்த இடத்தில் மேல்துணி பிய்ந்து சின்ன ஓட்டை விழுந்தது. அடுத்தடுத்த மாதங்களில் அப்படி ஒன்பது ஓட்டைகள்.

அன்று புரிந்தது இது. போர்வை இழுபடும்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். நூல் விட்டுக்கொடுத்தால் அந்த இடத்தில் மறுபடி ஒரு முடிச்சுப் போட்டால் முடிந்தது, ஐந்து நிமிட வேலை. துணி விட்டுக்கொடுத்தால் ஒட்டுப்போட வேண்டும். ஆகவே நூல் துணியைவிடச் சற்றே பலவீனமாக இருப்பதுதான் நமக்கு வேண்டியது. பருத்தித் துணிக்குப் பருத்தி நூல் என்று சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, பருமன். மெல்லிய நூல் கத்தி மாதிரி வேலை செய்யும். ஒரே இழுவிசை குறைந்த பரப்பில் விழுவதால் துணியின் இழைகளை அறுத்துக்கொண்டு போகும். பருமனான மெத்தென்ற நூல் அதே விசையைப் பரப்பி வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, என் கணக்கில் முக்கியமானது, பிடிப்பு. முடிச்சு என்பது நூல் தன்னைத்தானே உரசிக்கொண்டு நிற்பது, வேறொன்றுமில்லை. வழவழப்பான நூலில் அந்த உரசல் இல்லை. ரேயான் எம்ப்ராய்டரி நூலும் பட்டு நூலும் பார்க்க மினுமினுவென்று அழகாக இருக்கும். போட்ட முடிச்சு மறுநாள் தானாக மலர்ந்து நிற்கும். சந்தேகம் இருந்தால் கையில் உள்ள நூலில் ஒரு முடிச்சைப் போட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரு நிமிடம் உருட்டுங்கள். தளர்ந்தால் அந்த நூல் வேண்டாம்.

பேர்ல் காட்டனில் 3, 5, 8, 12 என்று எண்கள் இருக்கின்றனவே?

எண் ஏற ஏற நூல் மெலியும். 3 தடிமன், 12 மெல்லியது. முடிச்சுக்கு 5 நடுவாந்தரமானது, பெரும்பாலான பருத்தித் துணிகளில் சிரமமில்லாமல் நுழையும். முடிச்சு நன்றாகத் தெரிய வேண்டும், துணியும் கனம் என்றால் 3. நெருக்கி நெருக்கிச் சின்ன முடிச்சாகப் போடப் போகிறீர்கள், துணியும் மெல்லியது என்றால் 8. 12 இந்த வேலைக்கு வேண்டாம்.

பேர்ல் காட்டன் இரண்டு புரியை முறுக்கிச் செய்தது, எம்ப்ராய்டரி நூல்போல இழை பிரிக்க முடியாது. முறுக்கு இருப்பதால் துவைக்கத் துவைக்க நுனி குஞ்சம்போல விரியும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்கு எரிச்சல். எம்ப்ராய்டரி நூலின் ஆறு இழையும் இன்னும் சீக்கிரம் பிரிந்து பூப்போல நிற்கும்.

10ஆம் எண் க்ரோஷா பருத்தி நூலும் நன்றாக நிற்கும். அது இறுக்கமாக முறுக்கியது, நுனி அவ்வளவாகப் பிரியாது, தொட்டால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஜப்பானியத் தையலுக்கு வரும் சஷிகோ நூலும் பருத்திதான், பிடிப்பு நல்லது. கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம்.

ஸ்வெட்டர் பின்னி மிச்சமான உல்லன் நூல் ஆகுமா?

நிஜக் கம்பளி என்றால் ஆகும், அருமையாகவே ஆகும். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெதுவெதுப்பான நீரும் உரசலும் பட்டால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகும். ஸ்வெட்டரைச் சுடுநீரில் துவைத்துச் சுருங்கவைத்த அனுபவம் யாருக்கும் இருக்கும். அங்கே நம்மை அழவைத்த அதே குணம் இங்கே உதவிக்கு வருகிறது. இரண்டு துவையலுக்குப் பிறகு முடிச்சு ஒரே உருண்டையாகிவிடும், அவிழ்க்க நினைத்தாலும் முடியாது. ஆனால் மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய கம்பளி நூலில் அந்தச் செதில்களை மழுங்கடித்துவிடுகிறார்கள். அது இப்படி இறுகாது.

கடையில் உல்லன் என்று கேட்டால் கொடுப்பது பல சமயம் அக்ரிலிக். ஒரு துண்டை வெட்டி, வெட்டிய இரண்டு முனைகளையும் பிரித்து ஈரப்படுத்தி, உள்ளங்கையில் வேகமாகத் தேய்த்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் கம்பளி. ஒட்டாவிட்டால் அக்ரிலிக்காகவோ பதப்படுத்திய கம்பளியாகவோ இருக்கும். இரண்டில் எதுவானாலும் நமக்கு ஒன்றுதான், தானாக இறுகப்போவதில்லை. அக்ரிலிக் சாயம் போகாது, விலையும் குறைவு, ஆனால் வழுக்கும். அதைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் கீழே சொல்லும் இரட்டைச் சுற்று முடிச்சு கட்டாயம், நுனியும் நீளமாக விட வேண்டும்.

இன்னொன்று, உல்லன் நூல் பருமனானது. அதை நெருக்கமான நெசவில் நுழைக்கப் பெரிய ஊசி வேண்டும், பெரிய ஊசி பெரிய துளை போடும். மெல்லிய காட்டனுக்கு நான் உல்லன் எடுப்பதில்லை.

மெஷின் நூலையே நாலு இழையாகச் சேர்த்துக்கொண்டால்?

வேண்டாம். நாலும் ஒரே சீராக இழுபடாது. ஒன்று தொளதொளவென்று நிற்கும், ஒன்று மட்டும் பாரத்தைச் சுமக்கும். பாலியெஸ்டர் மெஷின் நூல் என்றால் மெலிவு, வழவழப்பு, மிதமிஞ்சிய பலம் மூன்றும் ஒரே இடத்தில். மீன்பிடி நரம்பைப் பற்றியும் ஒருவர் கேட்டார். பதில் அதேதான், இன்னும் அழுத்தமாக.

ஊசி?

கூர்முனை, பெரிய காது. இரண்டும் சேர்ந்து இருப்பது செனில் ஊசி. இதிலும் எண் ஏற ஏற மெலியும்: 18 தடிமன், 24 மெல்லியது. 5ஆம் எண் பேர்ல் காட்டனுக்கு 22 சரியாக இருக்கும், உல்லன் நூலுக்கு 18. அதே மாதிரித் தோற்றத்தில் டேப்பஸ்ட்ரி ஊசி என்று ஒன்று உண்டு. அதன் முனை மழுங்கல், மூன்று அடுக்கைத் துளைக்காது. வாங்கும்போது முனையைத் தொட்டுப் பாருங்கள்.

போர்வையைத் தரையிலோ மேசையிலோ விரித்து வைத்தே வேலை செய்பவர்களுக்கு வளைந்த ஊசி வரப்பிரசாதம். அடியில் கையை விடாமலே குத்தி, அதே மூச்சில் மேலே எடுத்துவிடலாம். பழகுவதற்கு முதல் இருபது முடிச்சுகள் கெடும், அவ்வளவுதான்.

ஊசி பாதியில் சிக்கினால் பல்லால் இழுக்காதீர்கள். வெடித்த பலூன் துண்டு ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டு இழுத்தால் வழுக்காமல் வரும். ஜீன்ஸ் குயில்ட்டுக்கு அதுவும் போதாது, சின்னக் குறடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குத்துக்கும் குறடு தேவைப்படுகிறதென்றால் ஊசி தப்பு. வழக்கத்துக்கு மாறாக இங்கே ஒரு அளவு பெரிய ஊசிதான் சுலபமாக நுழையும். துளையை ஊசி பெரிதாக்கிவிட்டால் அதன் பின்னால் இரட்டையாக மடிந்து வரும் நூல் சிக்காமல் வரும்.

முடிச்சுக்கு முடிச்சு எவ்வளவு இடைவெளி?

இதை நூல் தீர்மானிப்பதில்லை, அழகுணர்ச்சியும் தீர்மானிப்பதில்லை. பஞ்சு தீர்மானிக்கிறது.

வாங்கும் பஞ்சு விரிப்பின் உறையில் எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். இழைகளைப் பிசினாலோ வெப்பத்தாலோ ஒட்டவைத்த பாலியெஸ்டர் விரிப்பு கட்டுப்போடுவதற்கு மிக வசதி. உப்பலாக நிற்கும், கலையாது. 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சு போதும். பருத்திப் பஞ்சில் இரண்டு ரகம். மெல்லிய வலை ஒன்றின் மேல் இழைகளைக் குத்தி அழுத்திச் செய்தது உறுதியானது. உறையில் 20 செ.மீ., 25 செ.மீ. என்றுகூடப் போட்டிருக்கும். வலை இல்லாதது அதைவிட நெருக்கமாக வேண்டும். எதிலும் ஒட்டவைக்காத, வெறுமனே கொட்டிப் பரப்பிய பஞ்சு என்றால் 4 அல்லது 5 செ.மீ.க்கு ஒன்று போட வேண்டியிருக்கும். அந்த அளவுக்குப் போவதற்குத் தைத்தே விடலாம்.

உறையில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது தையல் கோடுகளை நினைத்துச் சொன்னது. புள்ளிகளுக்கு நான் அதில் பாதிதான் எடுப்பேன். 20 என்றால் 10. எந்த விரிப்பாக இருந்தாலும் 15 செ.மீ.க்கு மேல் போனதில்லை. அளவுகோல் கையில் இல்லாதபோது, மூடிய முஷ்டியைப் போர்வையின் மேல் எங்கே வைத்தாலும் அதன் ஓரத்தில் ஒரு முடிச்சாவது தட்டுப்பட வேண்டும் என்று பார்த்துக்கொண்டால் போதும்.

எங்கெங்கே போடுவது என்று எப்படிக் குறிப்பது?

மேல்துணி கட்டங்களால் ஆனதென்றால் கட்டத்தின் மூலைகளும் நடுவும் உங்களுக்காகவே குறித்து வைத்த புள்ளிகள். ஆனால் நாலு துண்டுகள் சேரும் மூலையில் உள்ளே மடிப்புகள் குவிந்து தடித்திருக்கும். சரியாக அந்த மூலையிலேயே குத்தாமல் அரை செ.மீ. தள்ளிக் குத்துங்கள். ஊசியும் சுலபமாகப் போகும், மூட்டுத் தையலின் நூலும் அறுபடாது.

கட்டம் இல்லாத துணியில் துவைத்தால் போகும் சாக்பீஸால் புள்ளி வைக்கலாம். வரிசைக்கு வரிசை அரை இடைவெளி தள்ளி, செங்கல் அடுக்கியதுபோல வைத்தால் பஞ்சு நன்றாகப் பிடிபடும், கண்ணுக்கும் விறைப்பாக இருக்காது.

முடிச்சுப் போடும்போது அடித்துணி சுருக்கம் விழுகிறது. என்ன செய்வது?

முடிச்சு என்னவோ தன் வேலையைத்தான் செய்கிறது. தப்பு அதற்கு முன்னால் நடந்துவிட்டது.

அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும், இழுத்து விறைப்பாக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குத் திரும்பி, மேல்துணியைச் சுருக்கிவிடும். அதன் மேல் பஞ்சு, கையால் நடுவிலிருந்து வெளியே நீவி விடுங்கள். அதன் மேல் மேல்துணி. பிறகு ஓர் அடிக்கு ஓர் ஊக்காவது குத்துங்கள். முடிச்சு வரப்போகும் புள்ளியில் ஊக்குக் குத்தாமல் பக்கத்தில் குத்தினால் முடிச்சுப் போட்டுக்கொண்டே போய்க் கடைசியில் எல்லா ஊக்கையும் மொத்தமாக எடுக்கலாம்.

முடிச்சை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போங்கள். நாலு ஓரத்தையும் முதலில் கட்டிவிட்டு உள்ளே வந்தால் மிஞ்சிய துணி நடுவில் வந்து குவியும், அதை எங்கும் தள்ள முடியாது.

சரியான முடிச்சு எது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ஊசியை மேலிருந்து நேராகக் கீழே இறக்குங்கள், மூன்று அடுக்கும் தாண்டி. அரை செ.மீ. தள்ளி மேலே எடுங்கள். நூலின் வால் 7 அல்லது 8 செ.மீ. மேலே நிற்கட்டும். அதே இரண்டு துளை வழியாக இன்னொரு முறை இறக்கி ஏற்றுங்கள். இந்த இரண்டாவது சுற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள், நான் விடுவதில்லை. நூல் துணிக்குள் இரட்டையாக ஓடுவதால் முடிச்சைப் போடும் வரை நழுவாமல் நிற்கும், அடித்துணியிலும் விசை பரவி விழும்.

இப்போது இரண்டு நுனிகள் கையில். வலது நுனியை இடது நுனியின் மேல் போட்டு, கீழாகச் சுற்றி இழுங்கள். அடுத்து, இப்போது இடப்பக்கம் வந்திருக்கும் நுனியை வலது நுனியின் மேல் போட்டு அதேபோல இழுங்கள். முதலில் வலது மேல், அடுத்து இடது மேல். இதுதான் சதுர முடிச்சு. இரண்டு முறையும் வலதையே மேலே போட்டால் பார்க்க முடிச்சு மாதிரியே இருக்கும், நிற்காது. ஷூ கயிறு அடிக்கடி அவிழ்பவர்கள் செய்வதும் இதே பிழைதான். போட்ட பிறகு நுனிகளைப் பாருங்கள்: தையல் விழுந்த திசையிலேயே இடமும் வலமுமாகப் படுத்தால் சரி. குறுக்காகத் திரும்பி நின்றால் தப்பு முடிச்சு, அவிழ்த்துப் போடுங்கள்.

வழுக்கும் நூலுக்கு ஒரு சின்ன மாற்றம். முதல் பாதியில் நுனியை ஒரு முறை சுற்றுவதற்குப் பதில் இரண்டு முறை சுற்றி இழுங்கள். இரண்டாவது பாதி வழக்கம்போல ஒரே சுற்று. அறுவைச் சிகிச்சையில் தையலுக்குப் போடும் முடிச்சு இதுதான். முதல் பாதியை இழுத்துவிட்டுக் கையை எடுத்தாலும் தளராது. உப்பலான பஞ்சு முடிச்சை விரித்துத் தள்ளும்போது இதன் அருமை தெரியும்.

எவ்வளவு இறுக்குவது? முடிச்சு துணியின் மேல் படிந்து உட்கார வேண்டும், பஞ்சு லேசாகக் குழிய வேண்டும். தொப்புள் மாதிரி ஆழமாகக் குழிந்து, சுற்றிலும் கதிர்கதிராகச் சுருக்கம் ஓடினால் அதிகம் இழுத்துவிட்டீர்கள். அந்த இடம்தான் முதலில் கிழியும். முடிச்சுக்கு அடியில் விரல் நுனி நுழைந்தால் தளர்வு. குழந்தைகள் விரலை விட்டு இழுப்பார்கள், பூனை இருந்தால் நகத்தை விட்டு இழுக்கும்.

ஒவ்வொரு முடிச்சுக்கும் நூல் கோத்து வெட்ட வேண்டுமா? பொறுமை போகிறது.

தேவையே இல்லை. ஒரு நீள நூலைக் கோத்துக்கொண்டு, முதல் புள்ளியில் குத்தி எடுங்கள். வெட்டாமல் அடுத்த புள்ளிக்குப் போய்க் குத்தி எடுங்கள். இப்படியே ஒரு வரிசை முழுக்க. மேலே நூல் புள்ளிக்குப் புள்ளி பாலம்போல ஓடியிருக்கும். பிறகு கத்தரிக்கோலால் ஒவ்வொரு பாலத்தையும் நடுவில் வெட்டினால் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு நுனிகள் தயார். வரிசையாக முடிந்துகொண்டே போகலாம். ஒருவர் குத்த, ஒருவர் வெட்ட, ஒருவர் முடிய என்று மூன்று பேர் உட்கார்ந்தால் பேச்சுவாக்கில் ஒரு போர்வை முடிந்துவிடும்.

இடைவெளி 10 செ.மீ. என்றால் வெட்டிய பிறகு ஒவ்வொரு நுனியும் 5 செ.மீ. இருக்கும், முடிய அது போதும். அதைவிட நெருக்கமாகப் போடுகிறவர்கள் பாலத்தைத் தொய்வாக விட வேண்டும். கோக்கும் நூல் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம், அடிக்கடி துணி வழியாக இழுபட்டு நைந்துவிடும்.

நுனி எவ்வளவு நீளம் விடுவது?

2 செ.மீ. முதல் 2.5 செ.மீ. வரை. 1 செ.மீ.க்குக் கீழே நறுக்கினால் துவையலில் நுனி முடிச்சுக்குள் நழுவி, முடிச்சே காணாமல் போகும். எல்லா முடிச்சும் முடிந்த பிறகு ஒரு சின்ன அட்டைத் துண்டை அளவாக வைத்து மொத்தமாக நறுக்கினால் ஒரே சீராக இருக்கும்.

நுனியே வெளியே தெரியக் கூடாது என்றால்?

சுலபமான வழி, கீழிருந்து குத்த ஆரம்பித்து முடிச்சை அடித்துணிப் பக்கம் போடுவது. மேலே ஒரு சின்னப் புள்ளித் தையல் மட்டும் தெரியும். அந்தப் புள்ளியையே பெருக்கல் குறிபோலக் குறுக்காக இரண்டு தையலாகப் போட்டால் அலங்காரமாகவும் ஆகிவிடும்.

இரண்டு பக்கமும் தெரியக் கூடாது என்றால், முடிச்சுப் போட்ட பிறகு ஒவ்வொரு நுனியையும் ஊசியில் கோத்து, முடிச்சின் அடியிலேயே குத்தி, அடித்துணியைத் தொடாமல் பஞ்சுக்குள் 3 செ.மீ. ஓடவிட்டு வெளியே எடுங்கள். லேசாக இழுத்துப் பிடித்து, துணியை ஒட்டி நறுக்கினால் நுனி உள்ளே போய்விடும். முந்நூறு முடிச்சுக்கு அறுநூறு நுனி. அந்தப் பொறுமை என்னிடம் ஒரே ஒரு முறைதான் இருந்தது.

எவ்வளவு நூல் வாங்க வேண்டும்?

150 செ.மீ.க்கு 200 செ.மீ. போர்வை, 10 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தை விட்டுவிட்டால் குறுக்கே 14, நெடுக்கே 19, மொத்தம் 266 முடிச்சு. தனித்தனியாக வெட்டிப் போட்டால் முடிச்சுக்கு 20 செ.மீ. பிடிக்கும், 53 மீட்டர் ஆகும். பால முறையில் முடிச்சுக்கு 12 செ.மீ. போதும், 32 மீட்டர். வரிசைக்கு வரிசை தொடக்கத்திலும் முடிவிலும் வீணாவதைச் சேர்த்து 40 என்று வையுங்கள். எம்ப்ராய்டரி நூல் கண்டு ஒன்று வழக்கமாக 8 மீட்டர், ஐந்து கண்டு வேண்டும். ஒன்று கூடுதலாக வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு முடிச்சு அவிழும் இடங்களுக்கு அதே நிறம் கிடைக்கும்.

நிறம்? சாயம் போகுமா?

நிறம் உங்கள் விருப்பம். பல நிறத் துண்டுகள் உள்ள போர்வைக்கு ஒரே நிற நூல் போட்டால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் என்பது மட்டும் என் அனுபவம்.

சாயம் விளையாட்டல்ல. சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றையும் நம்பாதீர்கள். ஒரு சாண் நூலை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து மடித்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கறை பிடித்தால், வேறு நூல். வெள்ளைத் துணியில் 266 இளஞ்சிவப்பு வட்டங்களோடு ஒரு போர்வை என்னிடம் இருக்கிறது. பார்ப்பவர்கள் டிசைன் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.

மெஷினிலேயே முடிச்சு மாதிரி போட முடியாதா?

முடியும். துணியைத் தள்ளும் பற்களை இறக்கிவிட்டு, ஜிக்ஜாக்கை 3 மி.மீ. அகலத்தில், நீளம் பூஜ்யத்தில் வைத்து, ஒரே இடத்தில் எட்டுப் பத்துத் தையல் விழவிடுங்கள். முன்னும் பின்னும் அகலத்தையும் பூஜ்யமாக்கி மூன்று தையல் போட்டால் நூல் பூட்டிக்கொள்ளும். பெல்ட் மாட்டும் வளையத்தை பேன்ட்டில் தைத்திருப்பார்களே, அதே வேலை. நூல் மெல்லியதாக இருந்தாலும் பத்துத் தையலும் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதால் அது துணியை அறுப்பதில்லை. பெரிய போர்வையை மெஷினுக்கு அடியில் சுருட்டித் திணிப்பதுதான் பாடு.

முடிச்சோடு பட்டன் வைக்கலாமா?

சுவரில் மாட்டுவதற்கு, சோபாவின் மேல் அலங்காரமாகப் போடுவதற்கு, தாராளமாக. மேலே படுத்து உறங்கப்போகும் போர்வைக்கு வேண்டாம். முதுகில் உறுத்தும்.

குழந்தைக்குச் செய்கிறேன். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கவனிக்க வேண்டும். கைக்குழந்தை எதையும் வாயில் வைக்கும். நுனியை மென்று இழுக்கும், பட்டனைப் பிய்த்து விழுங்கும். நீள நூல் பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தைத் தடுப்பதும் உண்டு. ஆகவே பட்டன் கூடவே கூடாது. நுனியைப் பஞ்சுக்குள் புதைக்க வேண்டும், அல்லது மெஷின் முறைக்குப் போய்விட வேண்டும். உல்லன் நூலின் பிசிறும் வாய்க்குள் போகும், தவிர்த்துவிடுங்கள். எப்படிச் செய்தாலும், ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் குயில்ட் போன்ற மெத்தென்ற போர்வைகள் வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. விழித்திருக்கும்போது தரையில் விரித்து, பக்கத்தில் ஆளிருக்க, மேலே படுக்கவைத்து விளையாடவிடலாம்.

டி-சர்ட் துணியில் செய்தால் முடிச்சு நிற்குமா?

பின்னலாடைத் துணி இழுபடும். ஊசி ஒரு கண்ணியை அறுத்தால் ஓட்டை ஏணிபோல ஓடும். பின்பக்கம் இஸ்திரியால் ஒட்டும் கேன்வாஸ் ஒட்டிவிட்டுப் பிறகு கட்டுப்போடுங்கள். நெசவு தளர்ந்த பழைய துணிக்கும் இதையே செய்யலாம்.

ஓரம் மடித்துத் தைப்பது முதலா, முடிச்சு முதலா?

தனிப் பட்டை வைத்து ஓரம் கட்டுகிறீர்கள் என்றால் முடிச்சு முதலில். தலையணை உறைபோல மூன்று பக்கமும் நாலாவதில் பாதியும் தைத்து, உள்வெளியாகத் திருப்புகிறவர்களுக்கு ஓரம் முதலில், முடிச்சு பிறகு. இந்த இரண்டாவது முறையில் பஞ்சின் ஓரமும் தையலில் பிடிபட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்துக்கும் முதல் வரிசை முடிச்சுக்கும் நடுவில் வெறும் துணி தொங்கும்.

எப்படித் துவைப்பது?

குளிர்ந்த நீர், மென்மையான சுழற்சி. முறுக்கிப் பிழியக் கூடாது. நனைந்த குயில்ட்டை ஒரு முனையைப் பிடித்துத் தூக்காதீர்கள். அத்தனை நீரின் கனமும் பத்துப் பன்னிரண்டு முடிச்சில் தொங்கும். இரண்டு கையாலும் அடியோடு வாரி எடுத்து, கொடியில் இரட்டைக் கயிற்றில் அகலமாகப் போடுங்கள்.

கம்பளி நூலில் கட்டியதற்கு மட்டும் முதல் இரண்டு துவையல் வெதுவெதுப்பான நீரில் இருக்கட்டும், முடிச்சு இறுக வேண்டுமே. ஆனால் நடுவில் இருப்பதும் கம்பளிப் பஞ்சு என்றால் இந்த யோசனையே வேண்டாம். போர்வையும் சேர்ந்து சுருங்கும்.

ஒரு முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இன்னோரிடத்தில் துணியே கிழிந்துவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

முதல் துவையலுக்குப் பிறகு போர்வையை விரித்து, ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பாருங்கள். அவிழ வேண்டியவை பெரும்பாலும் அப்போதே அவிழ்ந்திருக்கும். பழைய நூலை உருவிவிட்டு, பழைய துளைக்கு 3 அல்லது 4 மி.மீ. பக்கத்தில் புதிதாகக் குத்துங்கள். அதே துளையில் போட்டால் ஏற்கெனவே நைந்த இழைகள் தாங்காது.

துணி கிழிந்திருந்தால் கிழிசலுக்கு அடியில், பஞ்சுக்கும் மேல்துணிக்கும் நடுவே, சின்னத் துணித் துண்டு ஒன்றை ஊசி முனையால் நுழைத்துப் பரப்புங்கள். கிழிசலின் ஓரங்களை அதன் மேல் சேர்த்து நுண்ணிய தையல் போடுங்கள். அந்த இடத்தில் மறுபடி முடிச்சு வேண்டாம். இரண்டு பக்கமும் 2 செ.மீ. தள்ளித் தள்ளி ஒவ்வொன்று போட்டால் பாரம் பிரிந்துபோகும். என் முதல் போர்வையின் ஒன்பது ஓட்டைகளையும் இப்படித்தான் அடைத்தேன், மிச்சமிருந்த நைலான் முடிச்சுகள் அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டு.